பதினாறு இன்ச் இடம்

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கடையில் குனிந்தபடியே வேலை பார்க்காதே என்று சொன்னால் கேட்கிற ஆளா நீ.

ஒரு யோசனை கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால், நான் சொல்லி முடிப்பதற்குள் நீ எதையாவது ஆர்டர் போட்டுவிடுவாய். ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே எழுத்தில்தான் உனக்குக் கொஞ்சம் நிதானம்.

என் கம்ப்யூட்டர் தள்ளாடுகிறது. பெரிய ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்த் துணி காயப்போட்டு வரலாம். இந்த நேரம் பார்த்து அச்சகத்தில் மருத்துவ அகராதி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அறுநூற்று நாற்பது பக்கம், எல்லாப் பக்கத்தையும் நானே அமைக்க வேண்டும், நவம்பர் முடிவதற்குள். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு பெரிய வேலை என்னை நம்பி வந்ததில்லை. சந்தோஷத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல்-இன்-ஒன் வாங்குவதா, இப்போது இருப்பதுபோலப் பெட்டி தனி, மானிட்டர் தனி என்று வாங்குவதா? எது இடத்தைக் குறைவாக அடைக்கும்?

இடத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அத்தான் ஜனவரியோடு ஓய்வு பெற்றுவிட்டார். முப்பத்தாறு வருடம் ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்த மனுஷர், ஒன்பது மணியானால் ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. என் சின்ன அறையையும் அந்த நாலடி மேஜையையும் அவருக்குக் கொடுத்துவிட்டு நான் படுக்கையறைக்கு வந்துவிட்டேன். ஒரு மாதம்தான், அவருக்குப் பழகும்வரை. கண்ணாடி வைத்த அலங்கார மேஜை இருக்கிறதே, அதில் உட்கார்ந்திருக்கிறேன். அகலம் முப்பது இன்ச். வேலை செய்யும்போது மானிட்டருக்குப் பின்னால் என் முகமே என்னை முறைக்கிறது.

அத்தான் வீட்டுத் தபாலை எல்லாம் தானே பிரித்து, தேதியும் வரிசை எண்ணும் போட்டு, கையெழுத்தும் போட்டுத்தான் தருகிறார். உன் பதிலும் அப்படித்தான் என் கைக்கு வரும். சிரிக்காதே.

குழந்தைக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி சொல்லச் சொன்னது. உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கட்டும். அறுநூற்று நாற்பது பக்கமா! ஜமாய்.

ஆல்-இன்-ஒன்னா? அந்தப் பேச்சே வேண்டாம். அது கூட்டுக் குடும்பம் மாதிரி. வெளியிலிருந்து பார்க்க லட்சணமாக இருக்கும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வீடே படுத்துவிடும். திரையில் ஒரு கோடு விழுந்ததென்று வை, மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு என்னைப் போன்றவனிடம் ஓடி வர வேண்டும். இப்போதுகூட என் மேஜையில் மூன்று கிடக்கின்றன. ஒன்றுக்குத் திரை போய்விட்டது, உள்ளே எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது. என்ன பிரயோஜனம்? அந்த ஒல்லி உடம்புக்குள் சூடு போக வழி கிடையாது. பல மாடல்களில் நினைவகத்தைக் கூட்டவும் முடியாது.

தனித்தனியாக வாங்கினால் மானிட்டர் போனால் மானிட்டரை மாற்று, பெட்டி சுணங்கினால் பெட்டியைத் திற. உன் வேலைக்குப் பெரிய திரை வேண்டும், எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் சேர்ந்து தெரிய வேண்டும். இருபத்தேழு இன்ச்சுக்குக் குறைந்து வாங்காதே.

இடம்தானே? பெட்டியை மேஜைக்கு அடியில் வைத்துவிடு. முடிந்தது கதை.

அத்தானுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்துக்கு என்ன நம்பர் போட்டார் என்று எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமா? உன் கடிதத்துக்கு எண் 14.

பதில் தாமதமாகிவிட்டது, கோபப்படாதே. அலங்கார மேஜைக்கு அடியில் பெட்டி வைக்க வழியில்லை, எல்லாம் இழுப்பறை. அதுவும் இப்போது பேச்சில்லை. அத்தான் மதியம் இரண்டிலிருந்து நாலுவரை படுக்கிறார். கீபோர்டு சத்தத்தில் தூக்கம் வருவதில்லை என்றார். சரிதான், பகல் தூக்கம் லேசான தூக்கம். நான் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டேன். ஒரு முனையில் இருபத்திரண்டு இன்ச் எனக்கு. ஜன்னல் பக்கம், காற்று வருகிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு எல்லாவற்றையும் கழற்றி எடுக்க வேண்டும். ஒயர் மட்டும் ஆறு. எண்ணிவிட்டேன். பெட்டியைத் தூக்கி அலமாரி ஓரம் வைத்து, மானிட்டரைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்து, சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்து, ஈரம் காய்ந்து, திரும்ப மாட்டி, ஃபைல் திறந்து... அதற்குள் அடுத்த வேளைக்கு உலை வைக்க நேரம் வந்துவிடுகிறது. ஆல்-இன்-ஒன் என்றால் ஒரே ஒயர்தானாமே? ஒரு ஆளே தூக்கலாமாமே?

நூற்றுப் பத்து பக்கம் முடித்திருக்கிறேன். இன்னும் கூடுதலாக முடிந்திருக்க வேண்டும்.

கழுத்து கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை.

உன் அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். குழந்தைக்குப் பல் விழுந்திருக்கிறது, அதை உனக்கு அனுப்ப வேண்டுமென்று அடம்.

கழுத்து பிடித்தது திரையின் உயரத்தால். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும், கண்ணுக்கும் திரைக்கும் ஒரு கை நீளம் இருக்க வேண்டும். ஆல்-இன்-ஒன்னில் அதுதான் தொல்லை. நிறைய மாடல்களில் திரை மேலே கீழே நகராது, நீதான் அதற்குக் குனிய வேண்டும். தனி மானிட்டர் என்றால் தாங்கி உயரும், திரும்பும், சாயும்.

ஒயர் ஒன்று என்பது உண்மை. தூக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் யார் தினம் மூன்று வேளை கம்ப்யூட்டரைத் தூக்குகிறார்கள்? அது என்ன கைக்குழந்தையா? சாப்பாட்டைக் கொஞ்சநாள் வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சின்னப் பெட்டிகள் வருகின்றன, உள்ளங்கை அகலம்தான், மானிட்டரின் முதுகிலேயே திருகி மாட்டிவிடலாம். அதை யோசித்துப் பார். இடம் எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுது.

அத்தானுக்கு வணக்கம்.

உன் தம்பி


ஜூன் 17

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். உன் முதுகுக்கு வைத்தியம் ஏதாவது பார்த்தாயா, இல்லை தைலம் தடவியே ஓட்டுகிறாயா? பல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று குழந்தையிடம் சொல்.

ஆழம் அளந்தேன். பதினாறு இன்ச். அகலமும் ஏறக்குறைய அதேதான். சாப்பாட்டு மேஜை இல்லை, சமையல் மேடையின் ஓரம். அத்தானுடைய பழைய அலுவலக நண்பர்கள் காலையில் வருகிறார்கள், நாலைந்து பேர். சின்ன அறையில் எல்லோருக்கும் நாற்காலி போதாதே, சாப்பாட்டு மேஜையைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். நான் நடுவில் திரையை வைத்துக்கொண்டு இருந்தால் அவர்களுக்கும் சங்கடம். மேடை என்றால் நின்றுகொண்டு வேலை செய்யலாம். நிற்பது உடம்புக்கு நல்லது என்று நீயே ஒரு தடவை எழுதியிருக்கிறாய்.

குழம்பு கொதிக்கும்போது ஆவி வருகிறது. கம்ப்யூட்டருக்கு அது கெடுதலா? ஆல்-இன்-ஒன் என்றால் மூடியபடி இருக்குமே, ஆவி உள்ளே போகாதே என்று நினைத்தேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அத்தான் நன்றாக இருக்கிறார். ஒன்பது மணிக்கு அறைக்குள் போய் ஐந்து மணிக்கு வெளியே வருகிறார். பேப்பர் படிக்கிறார், நறுக்கி ஒட்டுகிறார், கோப்பு போடுகிறார். பதினோரு மணிக்கு மேஜை மணியை அவர் அடித்தால் நான் டீ கொண்டுபோக வேண்டும்.

இருநூற்று அறுபதாம் பக்கத்தில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நின்றுகொண்டுதான்.

உன் அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு நேராகத் திட்டுகிறேன்.

அடுப்புப் பக்கத்தில் கம்ப்யூட்டரா? உனக்கென்ன கிறுக்கா? ஆவி எதற்குள்ளும் போகும். ஆல்-இன்-ஒன்னிலும் காற்று போக ஓட்டை உண்டு, இன்னும் சீக்கிரம் சாகும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே படிந்த பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாயா? நான் திறந்து பார்த்திருக்கிறேன், அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். அத்தான் எடுத்தார். "அவ வேலையா இருக்கா, எல்லாம் சௌக்கியம், எழுதுங்க" என்று வைத்துவிட்டார்.

நீ கஞ்சத்தனம் பண்ணுகிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்திலேயே ஒரு பென்சிலை நகத்தால் பிடிக்கிற அளவுக்கு எழுதினவள் நீ. நல்லதாக ஒன்று வாங்கு அக்கா. இனிமேல் யாருக்காக மிச்சம் பிடிக்கிறாய்?

உன் தம்பி


ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா?

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார இடம்...

உட்கார நேரமில்லை.

முந்நூற்று ஐம்பது பக்கம் ஆகியிருக்கிறது. கீபோர்டில் மூன்று எழுத்து வேலை செய்யவில்லை, அவற்றை வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறேன். மெஷின் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தானாக அணைந்துவிடுகிறது. அச்சக முதலாளி நல்ல மனுஷர், கத்த மாட்டார். "என்னம்மா, வழக்கமா உங்களைத் துரத்தவே வேண்டியதில்லையே" என்றார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வாங்குவதை ஒத்திப்போட்டுக்கொண்டே வருகிறேன். எதை வாங்கினாலும் எங்கே வைப்பது என்றுதான் யோசனை நின்றுவிடுகிறது. பதினாறு இன்ச்சில் நிற்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல். மாடல் பெயர் மட்டும் எழுதினால் போதும், குறை நிறை வேண்டாம்.

கழுத்துவலி தோளுக்கு இறங்கியிருக்கிறது.

உன் அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தோளுக்கு ஒத்தடம் கொடு.

இந்தத் தடவை என் பதில் எழுத்தில் வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் தம்பி


அக்டோபர் 4

பெறுநர்: அன்பு மைத்துனர் அவர்கள்
பொருள்: கணினி மற்றும் திரை பெறப்பட்டது, நன்றி தெரிவித்தல் தொடர்பாக
பார்வை: தாங்கள் என் பெயருக்கு அனுப்பிய பார்சல்

அன்புடையீர்,

நலம். தங்கள் குடும்பத்தார் அனைவரின் நலமறிய விழைகிறேன்.

பார்வையில் கண்ட பார்சல் இரண்டு பெட்டிகளாக நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. என் பணி ஓய்வை நினைவில் வைத்து, காலம் தாழ்ந்தாலும் இத்தகைய பரிசை அனுப்பியமைக்கு என் மனமார்ந்த நன்றி. அலுவலகத்தில் எனக்கு ஒரு மாலையும் கைக்கடிகாரமும் கொடுத்தார்கள். தங்கள் அளவுக்கு யாரும் என்னை நினைக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

இருபத்தேழு அங்குலத் திரை என் மேஜைக்கு அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. என் அறை இப்போதுதான் நிறைவு பெற்றது. இயக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அவசரமில்லை. தூசி படாமல் இருக்க உறை ஒன்று தைக்கும்படி தங்கள் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் எப்போதும்போல் சமையலறையிலேயே மும்முரமாக இருப்பதால் தனியே கடிதம் எழுத இயலவில்லை.

தங்கள் முதுகுவலி குணமாகப் பிரார்த்திக்கும்,

தங்கள் அத்தான்


அக்டோபர் 14

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அத்தான் கடிதம் வந்தது. முதலில் சிரித்தேன். பிறகு உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். நாலடி, அதாவது நாற்பத்தெட்டு இன்ச். பிறகு முப்பது. பிறகு இருபத்திரண்டு. பிறகு பதினாறு. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. நீ ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதினாய். நானும் ஒவ்வொரு தடவையும் அந்த அளவுக்கு என்ன பொருந்தும் என்று யோசித்து யோசித்துப் பதில் எழுதினேன். சூடு போக வழி இருக்கிறதா என்று மெஷினைப் பற்றிக் கேட்டேன். உன்னைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. கஞ்சம் என்று வேறு சொன்னேன். நான் ஒரு மடையன்.

அந்தப் பெட்டிகள் உனக்கு. அத்தான் பெயருக்கு அனுப்பியது வழக்கத்தால்தான். உன் கல்யாணத்திலிருந்து அந்த வீட்டுக்கு நான் அனுப்பிய எல்லாமே, உன் புடவை உட்பட, அவர் பெயருக்குத்தான் வந்திருக்கின்றன. அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் உன் பெயரை எழுதி வைத்திருந்தால் போதும். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அதையும் வைக்கவில்லை.

அத்தான் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். அத்தான், உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த அறையில் வேலை இருக்கிறவள் அவள். உங்களுக்கு வேலை முடிந்துவிட்டது.

கிளம்பி வரட்டுமா? ஒரு வரி எழுது.

தம்பி


டிசம்பர் 3

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை. உன் முதுகையும் குழந்தையையும் விசாரித்ததாக வைத்துக்கொள். ஒரு வரி கேட்டாய், ஏழு வாரம் ஆகிவிட்டது. நீ கிளம்பி வந்துவிடுவாயோ என்று தினம் வாசலைப் பார்த்தேன். வராமல் இருந்ததற்கு நன்றி.

உன் கடிதம் எண் 61. தேதி இருக்கிறது, எண் இருக்கிறது, எப்போதும் கீழே போடும் கையெழுத்து மட்டும் இல்லை. சமையலறைக்கே கொண்டுவந்தார். "தபால்" என்றார். மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பின் மூன்று நாள் எங்கள் இருவருக்கும் பேச்சில்லை. ஒன்பது மணிக்கு அறைக்குள் போனார், ஐந்து மணிக்கு வந்தார், மணி மட்டும் அடிக்கவில்லை. நானும் டீ கொடுக்கவில்லை.

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பார்சலைப் பிரித்தபோது அவர் முகத்தை நீ பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கில்லை, எனக்கு என்று எந்த வாயால் சொல்வது? உறை தைத்துக் கொடுத்தேன். ஓரத்துக்குப் பூத்தையல்கூடப் போட்டேன். தைத்து முடித்த அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு தட்டை வேண்டுமென்றே போட்டு உடைத்தேன். கை தவறிவிட்டது என்று சொன்னேன்.

நாலாம் நாள் என் பழைய மெஷின் அணைந்தது, எழவே இல்லை. அச்சக முதலாளிக்குப் போன் செய்து சொன்னேன். "முடியலேன்னா சொல்லிடுங்கம்மா. மிச்சத்தை வேற ஆள்கிட்ட கொடுத்துக்கிறேன், தப்பா நினைக்க மாட்டேன்" என்றார். இருநூற்றுப் பத்து பக்கம் மிச்சம். ஒரு நாள் டைம் கொடுங்கள் என்றேன்.

மறுநாள் ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது சின்ன அறைக்குள் போனேன். உறையை எடுத்து மடித்து வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, தினமும் வேலையை நகலெடுத்து வைக்கிற பென் டிரைவைச் செருகினேன். மெஷின் கண்ணிமைப்பதற்குள் எழுந்துகொண்டது தம்பி. இரண்டு பக்கமும் அருகருகே தெரிந்தன. இதை விட்டுவிட்டா இத்தனை நாள் ஆல்-இன்-ஒன் ஆல்-இன்-ஒன் என்று உன்னை அரித்தேன் என்று இருந்தது. விட்ட பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

ஒன்பது மணிக்கு அவர் பேப்பரோடு வாசலில் வந்து நின்றார்.

"என்ன இது?"

"வேலை."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருநூத்துப் பத்து பக்கம் ஆகும்."

என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. பேப்பரை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

"அப்ப நான் எங்கே போய் உட்கார்றது?" என்று கேட்டார்.

சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், அழுகை வந்துவிட்டது. "ஒன்பது மாசமா நானும் இதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். "உங்ககிட்ட இல்ல, என் தம்பிகிட்ட. இன்ச் கணக்குல."

அதற்கப்புறம் நான் திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அவர் போகிற காலடி கேட்டது. மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நாற்காலி போய்விடும் என்று பயம். டீ போட்டுக்கொண்டுவந்து கொடுத்தார் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அப்படி ஒன்றும் நடக்கவும் இல்லை. சமையலறையில் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. தனக்கு மட்டும் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது.

நவம்பர் 29ஆம் தேதி கடைசிப் பக்கம் அனுப்பினேன். முதலாளி அடுத்ததாக ஒன்று இருக்கிறது என்கிறார். அத்தான் இப்போது நண்பர்கள் வீட்டுக்குப் போகிறார், சில நாள் ஹாலில் நடக்கிறார். தினமும் ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் இந்த அறை வாசலில் நின்றுவிட்டுத்தான் போகிறார். அந்த ஒரு நிமிடம் என் கை தானாக நின்றுவிடுகிறது. இன்னும் எனக்கு நிம்மதி வரவில்லை. வரும் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். அன்றைக்கு வாசலைவிட்டு நகர்வதற்கு முன்னால் அவர் ஒன்று சொன்னார். மெல்லத்தான் சொன்னார். "என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

அதிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டிருந்தால் எழுந்து கொடுத்திருப்பாரா, மாட்டாரா? முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை தம்பி.

உன் அக்கா